மலை ஏறி வந்த யந்திரம்

பாத்திரம் தேய்ப்பது முடிவே இல்லாத வேலை என்று நான் சொன்னால், இதைப் படிக்கும் சகோதரிகளில் ஒருவராவது மறுப்பீர்களா? மாட்டீர்கள். "சாம்பார் பிரமாதம்!" என்று சொல்கிறவர்கள் உண்டு. வாசலில் நின்று கோலத்தைப் பாராட்டுகிறவர்கள்கூட உண்டு. ஆனால், "அடடா, இந்த வாணலியை என்னமாய்த் தேய்த்திருக்கிறாய்!" என்று எந்தக் கணவராவது வாய் திறந்து சொல்லி நான் கேட்டதில்லை. காலையில் தேய்த்துக் கவிழ்த்த பாத்திரம் மத்தியானம் மறுபடி தொட்டியில் கிடக்கும். மத்தியானம் தேய்த்தது ராத்திரி கிடக்கும்.

இந்த வேலையிலிருந்து எனக்கு விமோசனம் கொடுக்க ஒரு யந்திரம் வந்தது. மூன்று மாதம் ஒழுங்காக உழைத்தது. நான்காவது மாதம், குடித்த தண்ணீரை வெளியே விடமாட்டேன் என்று சத்தியாக்கிரகம் செய்யத் தொடங்கிவிட்டது. அந்தக் கதையைத்தான் சொல்லப் போகிறேன். அதில் யந்திரத்தின் கோளாறு பாதி, என்னுடைய கோளாறு பாதி.

முதலில் எங்கள் ஊரைச் சொல்லிவிடுகிறேன். திருவண்ணாமலை மாவட்டத்தில் போளூரிலிருந்து புறப்படும் பஸ் வளைந்து வளைந்து மலையேறினால் ஜமுனாமரத்தூர் வரும். ஜவ்வாது மலையின் தலைநகரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். சாமையும் புளியும் தேனும் பலாவும் சீத்தாப்பழமும் விளைகிற பூமி. இங்கே வாழும் பழங்குடி மக்களுக்கு மலையாளிகள் என்று பெயர். கேரளத்துக்கும் இவர்களுக்கும் சம்பந்தமில்லை. பேசுவது நம் தமிழ்தான். காஞ்சிபுரத்திலிருந்து வந்து மலையேறியவர்கள் என்பது இவர்களுடைய பழங்கதை.

எங்கள் வீட்டுக்காரர் பாங்கியில் உத்தியோகம் பார்த்தபோது சில வருஷம் போளூரில் இருந்தோம். தினமும் மேற்கே பார்த்து, "ஓய்வு பெற்றதும் அந்த மலைக்குத்தான் குடிபோக வேண்டும்" என்பார். யாரும் சொல்கிற பேச்சுத்தானே என்று நானும் தலையாட்டி வைத்தேன். மனிதர் நிஜமாகவே செய்துவிட்டார். சென்னை வீட்டைப் பூட்டிவிட்டு இங்கே ஒரு சின்ன வாடகை வீட்டுக்கு வந்தோம். கொல்லையில் நாலு வாழை, ஒரு கிணறு, எதிரே மலை. காற்றுக்குக் குறைவில்லை.

பாத்திரத்துக்கும் குறைவில்லை. அதற்கு ஒரு பெண் கிடைத்தாள். நாற்பது வயசு இருக்கும். காலையும் மாலையும் வருவாள். அதிகம் பேசமாட்டாள். மாதம் இரண்டாயிரம் ரூபாய். அடுப்புச் சாம்பலையும் புளிச்சக்கையையும் வைத்து அவள் தேய்த்த பித்தளைச் சொம்பில் முகம் பார்த்துப் பொட்டு வைத்துக்கொள்ளலாம்.

இந்த நிலையில்தான் எங்கள் பெண்ணிடமிருந்து டெலிபோன் வந்தது. 2020-ம் வருஷம் ஊரடங்கின்போது வேலைக்கு ஆள் வர முடியாமல் நகரத்துப் பெண்கள் பட்ட பாடு உங்களுக்கு ஞாபகம் இருக்கும். அப்போது பலரும் பாத்திரம் கழுவும் யந்திரம் வாங்கினார்கள். எங்கள் பெண்ணும் வாங்கினாள். 2024-ம் வருஷம் பங்குனி மாதம் அவள் வேலை மாற்றலாகி வெளிநாடு புறப்பட்டபோது, "அம்மா, உனக்குக் கை வலிக்கிறது, வலிக்கிறது என்கிறாயே! யந்திரத்தை உனக்கே அனுப்பி விடுகிறேன்" என்றாள்.

குட்டி யானையில் ஏறி வந்தது யந்திரம். நிஜ யானை இல்லை. சின்னச் சரக்கு வண்டிக்கு நம் ஊரில் அதுதானே பெயர்! அக்கம்பக்கத்துக் குழந்தைகள் எல்லாம் கூடிவிட்டார்கள். எங்கள் வீட்டுக்காரர் தாமே குழாய்களை மாட்டினார். அழுக்குத் தண்ணீர் போகும் குழாயைத் தரையோடு தரையாக இழுத்து, சுவரில் ஒரு துளை போட்டு, வாழைப் பாத்திக்குள் விட்டார். "பாத்திரமும் சுத்தமாகும், வாழைக்கும் தண்ணீர் பாயும். எப்படி யோசனை?" என்று மீசையைத் தடவிக்கொண்டார்.

மறுநாள் காலை அந்தப் பெண் வந்தபோது நான் வாசலிலேயே சொல்லிவிட்டேன்: "இனிமேல் பாத்திரத்துக்கு நீ வர வேண்டாம்மா. எங்களுக்கு யந்திரம் வந்துவிட்டது."

"சரிம்மா" என்றாள். கொஞ்ச நேரம் நின்றாள். அப்புறம் போய்விட்டாள். எனக்கு உள்ளே யந்திரம் என்ன செய்கிறது என்று பார்க்கும் அவசரம்.

அந்த யந்திரத்தின் சரித்திரத்தை நான் அப்போதுதான் படித்துத் தெரிந்துகொண்டேன். அமெரிக்காவில் ஜோசபின் காக்ரேன் என்று ஒரு சீமாட்டி இருந்தாராம். வேலைக்காரர்கள் கழுவும்போது விலையுயர்ந்த பீங்கான் தட்டுகளின் ஓரம் உடைந்து போயிற்று என்பது அவருடைய மனக்குறை. கணவர் 1883-ல் கடனை வைத்துவிட்டு இறந்துபோனார். அந்த அம்மாள் இடிந்து உட்காரவில்லை. கொட்டகையில் ஒரு மெக்கானிக்கைத் துணைக்கு வைத்துக்கொண்டு யந்திரத்தைச் செய்து, 1886-ல் காப்புரிமையும் வாங்கிவிட்டார். 1893-ல் சிகாகோவில் நடந்த உலகக் கண்காட்சியில் அது பரிசு பெற்றது. ஆமாம், அந்தக் கண்காட்சியை ஒட்டி நடந்த சர்வமத மகாசபையில்தான் நம் சுவாமி விவேகானந்தர் பேசினார். ஆனால் பல வருஷங்களுக்கு அந்த யந்திரத்தை வாங்கியவர்கள் ஹோட்டல்காரர்கள்தான். வீட்டுப் பெண்களுக்கு அது எட்டவில்லை.

எனக்கு எட்டிவிட்டது என்று எனக்கு ஒரே பெருமை. இரும்புத் தோசைக்கல், அலுமினியச் சட்டி, மர மத்து இவைகளை மட்டும் உள்ளே வைக்கக்கூடாது; இரும்பு துருப்பிடிக்கும், அலுமினியம் கறுக்கும், மரம் வெடிக்கும். மற்றதையெல்லாம் அடுக்கிப் பொத்தானை அமுக்கினால், ஏறக்குறைய ஒரு வாளித் தண்ணீரில் அத்தனையும் பளிச்சென்று வந்துவிடும். தொட்டியில் குழாயைத் திறந்துவிட்டுக் கழுவினால் அதைப் போலப் பல மடங்கு ஆகும்.

ஆனி மாதம் ஒரு நாள் அந்தப் பெண் வந்தாள். இடுப்பில் ஒரு பலாப்பழம். "எங்க மரத்துதும்மா" என்று திண்ணையில் வைத்தாள். சென்னையிலிருந்து வந்த உறவினர்கள் நாலைந்து பேர் அன்றைக்கு வீட்டில் இருந்தார்கள். நான் அவர்களிடம் யந்திரத்தின் மகாத்மியத்தை வர்ணித்துக்கொண்டிருந்தேன். அவளையும் உள்ளே கூப்பிட்டுக் கதவைத் திறந்து காட்டினேன். அவள் எட்டிப் பார்த்தாள். ஏதோ சொல்ல வாயெடுத்த மாதிரி இருந்தது. வந்தவர்களைப் பார்த்தாள். "வர்றேம்மா" என்று போய்விட்டாள்.

அன்று மத்தியானம் பலாப்பழத்தை அறுத்தோம். பழமா அது! தேன் போல இருந்தது. சுளை எடுத்த கத்தி, தாம்பாளம், தட்டுகள் எல்லாவற்றையும் வழக்கம்போல் யந்திரத்தில் அடுக்கிப் பொத்தானை அமுக்கினேன்.

ஒன்றரை மணி நேரம் கழித்துக் கதவைத் திறந்தால், அடியில் நாலு விரல் உயரத்துக்குக் கலங்கல் தண்ணீர்! அதில் சாமைச் சோற்றுப் பருக்கைகள் மிதந்தன. யந்திரத்தின் நெற்றியில் ஏதோ ஓர் எழுத்தும் எண்ணும் மின்னி மின்னி மறைந்தன. உறவினர்கள் முன்னிலையில் என் முகம் போன போக்கை நீங்களே ஊகித்துக்கொள்ளுங்கள்.

கம்பெனிக்குப் போன் செய்தோம். இனிமையான ஒரு குரல், "நீங்கள் எங்கே இருக்கிறீர்கள்?" என்று கேட்டது. சொன்னோம். "மலைக்கா?" என்றது. ஆள் வர எத்தனை நாளாகும் என்று அதற்கே தெரியவில்லை.

எங்கள் வீட்டுக்காரர் பெருமூச்சு விட்டார். "இதே ஜவ்வாது மலையில் காவலூரில், 2.34 மீட்டர் தொலைநோக்கி 1986 முதல் இருக்கிறது. வைணு பாப்பு பெயரில் வானாய்வகம்! கோடானு கோடி மைலுக்கு அப்பால் இருக்கும் நட்சத்திரத்தை அங்கே பார்த்துவிடுகிறார்கள். நம் வீட்டில் ரெண்டு முழக் குழாய்க்குள் என்ன இருக்கிறது என்று பார்க்க ஓர் ஆள் இல்லை!"

"நீங்களே பாருங்களேன்" என்றேன்.

பார்த்தார். நானும் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். இங்கே சகோதரிகள் கொஞ்சம் கவனித்துக் கொள்ளுங்கள், என்றைக்காவது உபயோகப்படும்.

முதல் காரியம், மின்சாரத்தை நிறுத்திப் பிளக்கை உருவிவிட வேண்டும். அப்புறம் தம்ளரால் தண்ணீரை மொண்டு வெளியே ஊற்றிவிட்டு, மிச்சத்தைப் பழந்துணியால் ஒற்றி எடுக்க வேண்டும். கீழ்த்தட்டை வெளியே இழுத்துவிட்டால் அடியில் ஒரு குழி தெரியும். கழுவிய தண்ணீரெல்லாம் அங்கேதான் வந்து சேரும். குழியின் மேல் காப்பி பில்டர் மாதிரி ஒரு வடிகட்டி. குழியின் பக்கத்தில் ஒரு சின்ன மோட்டார். அதன் நுனியில் ஒரு குட்டி விசிறி. விசிறி சுழன்றால் தண்ணீர் குழாய் வழியாக வெளியே போகும். ஆக, தண்ணீர் வடியவில்லை என்றால் சந்தேகப்பட வேண்டியவர்கள் மூவர்: வடிகட்டி, விசிறி, குழாய்.

வடிகட்டியை இடப்பக்கமாகத் திருகித் தூக்கினோம். தூக்கியதும் விஷயம் விளங்கிவிட்டது. சல்லடை முழுக்கப் பழுப்பாகப் பலாப்பிசின்! அதில் சாமைப் பருக்கைகள் பொட்டு வைத்ததுபோல் ஒட்டிக்கொண்டிருந்தன. வெந்நீரில் பிசின் இளகி, தட்டிலிருந்து கிளம்பி, சல்லடையில் வந்து குடியேறியிருக்கிறது.

"இவ்வளவுதானா! சோப்பும் வெந்நீரும் போதும்" என்றார் அவர். அரை மணி நேரம் தேய்த்தார். பிசின் சல்லடையிலிருந்து அவர் கைக்கு வந்தது. கையிலிருந்து பிரஷுக்குப் போனது. பிரஷிலிருந்து திருப்புளியின் பிடிக்குப் போனது. கடைசியில் மீசையிலும் கொஞ்சம். ஒருவாறு வெளிச்சம் தெரிகிற அளவுக்குச் சல்லடையைச் சுரண்டிவிட்டு யந்திரத்தை ஓட்டினோம். தண்ணீர் பாதி இறங்கிற்று. மகிழ்ச்சியோடு பார்த்துக்கொண்டிருந்தபோதே, இறங்கிய தண்ணீர் களக் களக்கென்று திரும்பி வந்துவிட்டது.

இரண்டாவது சந்தேகம் குழாய். கொல்லைக்குப் போய்த் தேடினேன். குழாயின் நுனியைக் காணோம்! ஒரு வாரத்துக்கு முன் பெய்த மழையில் வாழைக்கு மண் அணைத்தாரே இவர், குழாயையும் சேர்த்து அணைத்துவிட்டார். தோண்டி எடுத்தால் வாய் நிறையச் சேறு.

யந்திரத்தோடு வந்த புத்தகத்தை அப்போதுதான் நிதானமாகப் படித்தோம். வடிகுழாயைத் தரையோடு இழுக்கவே கூடாதாம். யந்திரத்தின் முதுகுப்புறத்திலேயே இரண்டடி உயரத்துக்காவது தூக்கி மாட்டி, அப்புறம்தான் கீழே இறக்க வேண்டுமாம். "பள்ளத்துக்குத்தானே தண்ணீர் ஓடும், எதற்கு மேட்டில் ஏற்றுவது?" என்று நானும்தான் கேட்டேன். விடை இதுதான்: குழாய் தாழ்ந்தே கிடந்தால், அதில் தங்கிய அழுக்குத் தண்ணீர் மோட்டார் நின்றதும் உள்ளே திரும்பிவிடும். சில சமயம் நேர்மாறாக, கழுவிக்கொண்டிருக்கும் நல்ல தண்ணீரையே உறிஞ்சி வெளியே கொட்டிவிடும். நடுவில் ஒரு மேடு இருந்தால் இரண்டு தொல்லையும் இல்லை. நுனியும் சேற்றிலோ தண்ணீரிலோ அமிழாமல் காற்றுப் படும்படி இருக்க வேண்டும்.

சுவரில் ஆணி அடித்துக் குழாயைத் தூக்கிக் கட்டினோம். ஓட்டினோம். இப்போது தண்ணீர் திரும்பவில்லை. ஆனால் போகவும் இல்லை. மோட்டார் மட்டும் 'ம்ம்ம்' என்று முனகியது.

உறவினர்கள் அன்று மாலையே ஊருக்குப் போய்விட்டார்கள். இரண்டு நாள் பாத்திரம் தொட்டியில் மலையாகக் குவிந்தது. என் வலது மணிக்கட்டில் பழைய வலி எட்டிப் பார்த்தது. மூன்றாம் நாள் நான் வெட்கத்தை விட்டு அந்தப் பெண்ணின் வீட்டுக்கே போனேன். அவள் முறத்தில் சாமை புடைத்துக்கொண்டிருந்தாள். விஷயத்தைச் சொன்னேன். "பலாப்பாலா? சோப்புக்குப் போவாதும்மா" என்று சிரித்துக்கொண்டே எழுந்து வந்தாள்.

வந்ததும் அவள் முதலில் கேட்டது நல்லெண்ணெய். பலா அறுக்குமுன் கையில் எண்ணெய் தடவிக்கொள்ள வேண்டும் என்பது எனக்குத் தெரியாததா? என் பாட்டி காலத்திலிருந்து தெரிந்ததுதான். ஆனால் யந்திரம் என்றதும் எனக்கு அது தோன்றவில்லை, பாருங்கள்! பிசின் தண்ணீரில் கரையாது, எண்ணெயில் இளகும். கைக்கு ஒரு நியாயம், யந்திரத்துக்கு ஒரு நியாயமா?

வடிகட்டியில் எண்ணெயைப் பூசிக் கொஞ்ச நேரம் வைத்தாள். கந்தலால் துடைத்தாள். சல்லடைக் கண் ஒவ்வொன்றும் திறந்துகொண்டது. அதற்கப்புறம்தான் எண்ணெய் போகச் சோப்பும் வெந்நீரும். பிறகு பிளக் உருவியிருக்கிறதா என்று நான் பார்த்துச் சொன்னதும், குழிக்குள் கையை விட்டாள். கண்ணாடிச் சில்லு எதுவும் கிடக்கிறதா என்று முதலில் மெதுவாகத் தடவிப் பார்த்தாள். விசிறியை மூடியிருந்த சின்ன மூடியைக் கரண்டிக் காம்பால் நெம்பி எடுத்தாள்.

"இதோ இருக்கும்மா உங்க வியாதி!"

பலாச்சடை ஒன்று விசிறியைச் சுற்றிப் பிசினோடு இறுகிக்கிடந்தது. அந்தச் சடை சல்லடையைத் தாண்டி எப்படி உள்ளே போயிற்று? நான் எங்கள் வீட்டுக்காரரைப் பார்த்தேன். அவர் எதிரே மலையைப் பார்த்தார். போன வாரம் அவர் வடிகட்டியைச் சுத்தம் செய்து திரும்ப மாட்டியபோது, முழுக்கத் திருகிப் பூட்டவில்லை! அந்த இடுக்கு வழியாகத்தான் போயிருக்கிறது.

சடையைப் பிரித்து எடுத்தாள். விரலால் தட்டினாள், விசிறி சுழன்றது. எல்லாவற்றையும் பழையபடி மாட்டி ஓட்டினோம். கொல்லைப்புறத்தில் தண்ணீர் சோவென்று கொட்டியது. அவள் போய்ப் பார்த்துவிட்டு, "வாழைக்கு விடாதீங்கம்மா. எலை ஓரமெல்லாம் கருகியிருக்குது" என்றாள். உண்மைதான். யந்திரத்துக்குப் போடும் உப்பும் காரமும் கலந்த தண்ணீர் செடிக்கு ஆகாது. அன்றே தள்ளி ஒரு குழி வெட்டிக் கல் போட்டு அதில் விட்டோம்.

எனக்கு ஏற்பட்ட சந்தோஷத்தில் ஐந்நூறு ரூபாய் நோட்டு ஒன்றை எடுத்து நீட்டினேன். அவள் கையை நீட்டவில்லை.

"இதுக்கெல்லாம் காசு வேணாம்மா."

"பரவாயில்லை, வைத்துக்கொள்."

கொஞ்சம் தயங்கினாள். பிறகு, தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்: "கொடுக்கணும்னா, பங்குனி மாசத்துப் பாக்கியைக் கொடுங்க. பன்னண்டு நாள் வந்தேன்."

எனக்கு முகத்தில் அறைந்தாற்போல் இருந்தது. யந்திரம் வந்த அமர்க்களத்தில், மாதத்தின் நடுவில் அவளை நிறுத்தினேனே, செய்த வேலைக்குக் கூலி கொடுத்தேனா? மூன்று மாதமாக அது என் ஞாபகத்திலேயே இல்லை. அன்றைக்கு வாசலில் ஏன் நின்றாள் என்று இப்போது புரிந்தது. பலாப்பழத்தோடு வந்து ஏன் வாயெடுத்து நிறுத்தினாள் என்றும் புரிந்தது. உறவினர்கள் முன்னால் கேட்டால் எனக்கு அவமானமாகப் போய்விடுமே என்று திரும்பிவிட்டாள். நானோ அவளுடைய வேலையைப் பறித்த யந்திரத்தின் கதவைத் திறந்து, அவளுக்கே காட்டிப் பெருமை அடித்துக்கொண்டேன்!

"ஏன் கேட்கவில்லை நீ?" என்றேன். கேட்ட பிறகுதான் அது எவ்வளவு அசட்டுக் கேள்வி என்று பட்டது. கூலியை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டியவள் நான் அல்லவா?

உள்ளே போய் இரண்டாயிரம் ரூபாய் கொண்டு வந்து கொடுத்தேன். முன்னறிவிப்பு இல்லாமல் நிறுத்தியதற்கு ஒரு முழுமாதச் சம்பளமாவது நியாயம் என்று சொன்னேன். "பன்னண்டு நாளைக்கு எண்ணூறுதாம்மா" என்றாள். பேரம் நடந்தது, கூலியைக் குறைக்கச் சொல்லிக் கூலிக்காரி பேரம் பேசியதை நான் அன்றைக்குத்தான் கண்டேன். கடைசியில், "அப்பிடின்னா மீதிக்குச் சாமை கொண்டாந்து போடறேன்" என்று வாங்கிக்கொண்டாள்.

"யந்திரம் வந்து உன் வேலையைக் கெடுத்துவிட்டதே என்று என் மேல் கோபமா?" என்று கேட்டேன்.

அவள் யோசித்துத்தான் பதில் சொன்னாள். "முன்னெல்லாம் சாமையை உரல்ல போட்டு நாங்கதாம்மா குத்துவோம். தோள்பட்டை கழண்டு போவும். அதுக்கு மிஷின் வந்தப்போ நாங்க கையெடுத்துக் கும்பிட்டோம். உங்க கைவலிக்கு நீங்க மிஷின் வாங்கினதுக்கு நான் ஏம்மா கோவிச்சுக்கணும்? பாக்கிதாம்மா மனசுல இருந்துச்சு."

"மறுபடி வருகிறாயா? வேறு வேலைகள் இருக்கின்றனவே" என்றேன்.

"இல்லம்மா. இப்போ எங்க மகளிர் குழுவில சாமை சுத்தம் பண்ணப் போறேன். புளி வந்தா கொட்டை எடுப்போம்" என்றாள். சொல்லும்போது அவள் குரலில் இருந்த நிமிர்வை நான் கவனித்தேன். எனக்குக் கொஞ்சம் ஏமாற்றம்கூட. மன்னிப்புக் கேட்பதற்குப் பதிலாக வேலை கொடுத்துச் சரிக்கட்டிவிடலாம் என்று என் மனசின் ஒரு மூலை கணக்குப் போட்டிருக்கிறது! அந்தக் கணக்கு பலிக்கவில்லை. ஆகவே, வாயைத் திறந்தே, "நான் செய்தது தப்பம்மா" என்று சொன்னேன். அவள் எப்போதும்போல், "சரிம்மா" என்றாள். ஆனால் இந்தத் தடவை சிரித்தாள்.

சகோதரிகளே, யந்திரம் வாங்குகிறவர்கள் தாராளமாக வாங்குங்கள். நம் கைகளும் கைகள்தாம்; அவற்றுக்கும் ஓய்வு வேண்டும். வாரம் ஒரு முறை வடிகட்டியைக் கழுவி, நன்றாகத் திருகிப் பூட்டுங்கள். குழாயைத் தூக்கிக் கட்டுங்கள். பலா அறுத்த பாத்திரத்தை எண்ணெய் போட்டுத் துடைத்துவிட்டு உள்ளே வையுங்கள். யந்திரத்தை வீட்டுக்குள் கொண்டு வரும் முன்பு, அதுவரை அந்த வேலையைச் செய்தவரின் கணக்கைத் தீர்த்துவிடுங்கள்.

யந்திரம் இப்போது நன்றாகத் தண்ணீர் வடிக்கிறது. சொன்னபடி அந்தப் பெண் மாதாமாதம் சாமை கொண்டு வந்து போடுகிறாள். நானும் வாரா வாரம் வடிகட்டியைத் திறந்தால், அடியில் ஏழெட்டுச் சாமைப் பருக்கைகள் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. "இந்தச் சாமையை நிறுத்தினால் வடிகட்டி சுத்தமாக இருக்குமே" என்கிறார் எங்கள் வீட்டுக்காரர்.

வடிகட்டியைத் திருகிப் பூட்டுவது அவருடைய பொறுப்பு என்று அவருக்கு ஞாபகப்படுத்தினேன்.